பழைய சரக்கு, பழைய விலை

2007 நவம்பரில் உயர்நிலைப் பள்ளியின் இறுதியில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வு முடிந்த மறுவாரமே, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருந்த மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு அப்போது 16 வயது. சம்பளம் மணிக்கு நாலரை வெள்ளி, அதாவது நாலரை சிங்கப்பூர் டாலர். வீடு இருந்த ஹவ்காங்கிலிருந்து வடகிழக்கு ரயிலில் வந்து இறங்கினால், தேக்கா சந்தையைத் தாண்டி ஐந்து நிமிட நடை. முதலாளியின் தந்தை கடையநல்லூரிலிருந்து வந்து தொடங்கிய கடை அது. வாடிக்கையாளர்கள் முதலாளியைப் ‘பாய்’ என்பார்கள், நான் ‘அங்கிள்’ என்பேன். கல்லாவில் மலேசியாவின் ஜோகூர் பாருவிலிருந்து நாள்தோறும் கடற்பாலத்தைக் கடந்து வரும் ஓர் அக்கா இருந்தார்.

வீட்டில் பொட்டலத்தில் வரும் மசாலாத் தூளையே பார்த்து வளர்ந்த எனக்கு, சீரகத்தையும் சோம்பையும் பிரித்தறியவே மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் யாழ்ப்பாணப் பூர்விகம் கொண்ட ஒரு பாட்டி வந்து ‘உள்ளி’ கேட்டார். சின்ன வெங்காயத்தை எடுத்து நீட்டினேன். அவர் கேட்டது பூண்டு. மறுநாள் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து இங்கு வேலைக்கு வந்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் அதே சொல்லைச் சொல்ல, நான் தயங்காமல் பூண்டைக் கொடுத்தேன். அவருக்கு வேண்டியிருந்தது சின்ன வெங்காயம். பத்தாண்டுகள் வகுப்பில் படித்த தமிழைவிட அந்த ஒரு மாதத்தில் கூடுதலாகக் கற்றேன் என்றே இன்றும் எண்ணுகிறேன்.

என்னுடைய முக்கிய வேலை விலை ஒட்டுவது. கையில் பிடித்து அழுத்தினால் ‘டக்’கென்று சிறு வெள்ளைச் சீட்டைப் பதிக்கும் கருவியோடு அடுக்குகளுக்கிடையே நடந்துகொண்டே இருப்பேன். அந்த ஆண்டு விலைகளைப் பற்றிப் பேசாத வாடிக்கையாளர் இல்லை. ஜூலை முதல் தேதியிலிருந்துதான் பொருள் சேவை வரி 5 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காட்டுக்கு உயர்ந்திருந்தது. அக்டோபரில் இந்தியா பாஸ்மதி அல்லாத அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அந்த மாத இறுதியிலேயே தடையைத் தளர்த்தினாலும், குறைந்தபட்ச ஏற்றுமதி விலை ஒன்றை வைத்துவிட்டது. எங்கள் கடையில் அதிகம் விற்பது பொன்னி அரிசி. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மொத்த வியாபாரியின் புதிய விலைப்பட்டியல் வந்தது. ஐந்து கிலோப் பைக்கு 40 காசு ஏற்றம்.

திங்கட்கிழமை வரும் சரக்குக்கு இந்த விலையை ஒட்ட வேண்டும் என்று அங்கிள் சொல்லிவிட்டுப் போனார். நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. அன்றிரவே, நாளைய கூட்டத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்ற ஆர்வத்தில், அடுக்கில் இருந்த பழைய பைகள் அத்தனையிலும் புதிய சீட்டைப் பழையதன் மேலேயே ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை தங்குவிடுதிகளிலிருந்து வெளிநாட்டு ஊழியர்கள் லாரிகளிலும் பேருந்துகளிலும் வந்து இறங்க, கடைகளின் முன்னால் கூரையோடு செல்லும் ஐந்தடிப் பாதையில் கால் வைக்க இடமில்லை. சீட்டில் உள்ளதைப் பார்த்து அக்கா கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்.

இரவு கடையைச் சாத்தும் நேரத்தில்தான் அங்கிள் கவனித்தார். அவர் சத்தம் போடவில்லை. “இது நான் பழைய விலைக்கு வாங்கிப் போட்ட சரக்கு தம்பி. பழைய விலைக்குத்தான் போகணும். எத்தனை பை போயிருக்கு?” என்று மட்டும் கேட்டார். எண்ணிப் பார்த்தோம்; பதினொன்று. பிறகு ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயும் ஒரு பழைய துணியும் தந்தார். மேல் சீட்டை நகத்தால் கிளப்பினால் அடியில் உள்ளதும் கிழிந்து வந்தது. பிளாஸ்டிக் பையில் பிசின் கறுத்து ஒட்டிக்கொண்டது. எண்ணெயைத் தொட்டு வட்டமாகத் தேய்த்தால்தான் அது திரண்டு வரும். மீதமிருந்த பைகளைத் துடைத்து மீண்டும் பழைய விலையை ஒட்டி முடித்தபோது மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டது. ஹவ்காங்குக்கு டாக்சியில் அனுப்பி, அதற்கான காசையும் அவரே கொடுத்தார்.

பிற்பாடு கல்லூரியில் வணிகம் படித்தபோது, அடுத்த சரக்கை என்ன விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறதோ அதை வைத்தே இன்றைய விலையைக் குறிக்கலாம் என்று ஆசிரியர் விளக்கினார். கணக்குப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் எனக்கு அங்கிளின் கணக்குத்தான் சரியெனப் பட்டது, இப்போதும் அப்படித்தான் படுகிறது. விலை ஏறப்போகிறது என்ற செய்தி வந்த கணமே கையிருப்பின் விலையையும் ஏற்றுவது, வாங்க வருபவரின் தேவையிலிருந்து காசு எடுப்பது போலத் தோன்றுகிறது.

பதினொன்றில் நான்கு பைகளை அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வாங்கியிருந்தன. அவர்களுக்கு மறுநாளே காசு திரும்பியது. மூன்று பைகள் யாரிடம் போயின என்பது கடைசிவரை தெரியவில்லை, அது இன்னும் என் மனத்தில் கிடக்கிறது. எஞ்சிய நான்கையும் வாங்கியவரை அக்காவுக்கு முகம் தெரியும். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், அறையில் இருக்கும் எட்டுப் பேருக்கும் அவர்தான் சாமான் வாங்குவார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு மாலை வந்தார். நான் ஓடிப்போய் நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, 1 வெள்ளி 60 காசை நீட்டினேன். அவர் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு சிறு நோட்டை எடுத்தார். ஒரு நாளைக்கு 18 வெள்ளி சம்பளத்தில் எட்டுப் பேர் பங்கு போட்டுச் சமைக்கும் கணக்கு அதில் தேதி வாரியாக இருந்தது: எண்ணெய், பருப்பு, புளி, மிளகாய் என்று பென்சிலில் எழுதிய வரிகள். அந்த ஞாயிற்றுக்கிழமையின் பக்கத்தைத் தேடி, அரிசிக்கு நேரே இருந்த எண்ணை அடித்தார். என்னிடம் பேனா வாங்கிப் புதிய எண்ணை எழுதினார். உதட்டுக்குள் கணக்குப் போட்டார்.

“ஆளுக்கு இருபது காசு வருது தம்பி,” என்றார். “ஒரு வெள்ளியாக் குடுத்தா பிரிக்க முடியாது. இருபது காசாவே இருக்குமா?”

அக்கா கல்லாவைத் திறந்தார். நான் எட்டு இருபது காசுகளை ஒவ்வொன்றாக எண்ணி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.