முதல் ஸ்கூபா செட்: மதுரைக்காரர்கள் எதை முதலில் வாங்கலாம்?

ஸ்கூபா டைவிங்கின் தொடக்கநிலைப் பயிற்சியான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே மாஸ்க்கிலிருந்து டேங்க் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டர் வரை ஒரே மூச்சில் ஆர்டர் போட்டுவிடத் தோன்றும். மதுரையில் குடியிருப்பவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம் என்பேன். மண்டபமும் தூத்துக்குடியும் நமக்குப் பக்கம்தான். ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் டேங்க் மாட்டிக்கொண்டு அங்கே இறங்க முடியாது. அதனால் நம் ஊர்க்காரர்கள் டைவுக்குப் போவது பெரும்பாலும் புதுச்சேரி, அந்தமான், கர்நாடகத்தின் நேத்ராணி. வருஷத்தில் சில நாள் கடலில், மற்ற நாளெல்லாம் வீட்டு பீரோவில் என்பதுதான் நம் சாமான்களின் வாழ்க்கை. வாங்கும்போது இதை மனதில் வைத்தால் பல கேள்விகளுக்குத் தானாகப் பதில் கிடைத்துவிடும்: வெயிலைத் தாங்குமா, விமானத்தில் எடை கட்டுமா, பழுதானால் யார் பார்ப்பார்கள்?

முதலில் மாஸ்க். டைவ் கடையில் வாடகைக்குக் கிடைப்பதில் நம் முகத்துக்குச் சரியாக உட்காராத பொருள் இதுதான். முதல் சில டைவுகளைக் கெடுப்பதும் பெரும்பாலும் இதுதான். பட்டையை முன்பக்கம் தள்ளிவிட்டு, மாஸ்க்கை முகத்தில் லேசாக வைத்து, மூக்கால் மெதுவாக உறிஞ்சிக் கையை எடுங்கள். குனிந்தாலும் விழாமல் நின்றால் முகத்துக்குப் பொருந்துகிறது. அதோடு விட்டுவிடாமல் ஸ்நார்கல் குழாயின் வாய்ப்பகுதியைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை பாருங்கள். வாயில் ஏதாவது இருந்தால் கன்னமும் மேல் உதடும் நகரும். வாயில் எதுவும் இல்லாதபோது ஒட்டிய மாஸ்க் அப்போது கசியக்கூடும். ஓரப்பட்டை முழுக்க சிலிக்கானாக இருக்க வேண்டும், கண்ணாடி டெம்பர்டு ஆக இருக்க வேண்டும். நீச்சல் கண்ணாடி இதற்கு உதவாது. அதில் மூக்கு வெளியே நிற்பதால், ஆழம் போகப் போக உள்ளே குறையும் காற்றை மூக்கால் ஊதி நிரப்ப வழியில்லை. அழுத்தம் கண்ணைப் பிடித்து இழுக்கும்.

மீசை வைத்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் நுழையும் இடம் மூக்குக்கு நேர் கீழே உள்ள வரி. மீசையை முழுசாக எடுக்க வேண்டியதில்லை. மூக்கை ஒட்டி ஒரு மெல்லிய கோடு மட்டும் மழித்துவிட்டால், சிலிக்கான் நேராகத் தோலில் உட்காரும். அப்போதும் கசிந்தால் அந்த வரியில் சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவலாம். வாஸ்லின் போன்ற பெட்ரோலிய ஜெல்லி வேண்டாம், ரப்பர் பாகங்களைக் கெடுக்கும். கசிகிறதே என்று பட்டையை இறுக்குவது பலரும் செய்வது. இறுக்க இறுக்க ஓரம் மடிந்து கசிவு கூடும்.

கண்ணாடி போடுபவர்கள் பவர் லென்ஸ் மாற்றக்கூடிய மாடலைக் கேளுங்கள். ரெடிமேட் லென்ஸ்கள் பொதுவாக 0.5 இடைவெளியில் வருகின்றன. சிலிண்டர் பவர் இருந்தால் அதில் பாதியை ஸ்பியர் பவரோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்: −2.50 ஸ்பியர், −1.00 சிலிண்டர் என்றால் −3.00. இரண்டு அளவுக்கு நடுவே விழுந்தால் குறைந்த பவர் போதும், தண்ணீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவே தெரியும். கண் பரிசோதனைச் சீட்டு ஒரு வருஷத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும்.

புது மாஸ்க் கண்டிப்பாகப் பனிக்கும். தயாரிக்கும்போது கண்ணாடியில் படியும் மெல்லிய படலம்தான் காரணம். வெள்ளை டூத்பேஸ்ட்டை (ஜெல் வகை வேண்டாம்) உள்பக்கம் தடவி விரலால் சில நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள். இதை மூன்று நான்கு தடவை செய்ய வேண்டியிருக்கும். கோட்டிங் போட்ட லென்ஸ் என்றால் தேய்க்கக் கூடாது, பெட்டியில் வரும் தாளைப் படித்துவிடுங்கள். அதன்பிறகு ஒவ்வொரு டைவுக்கும் ஒரு சொட்டு பேபி ஷாம்பு போதும்.

அடுத்தது ஃபின்ஸ், அதாவது நீந்தக் காலில் மாட்டும் துடுப்பு. குதிகால் திறந்த வகையாக இருந்தால் உள்ளே போடும் டைவ் காலணியை (பூட்) முதலில் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே ஃபின்ஸை அளவு பாருங்கள். வரிசை மாற்றி வாங்கினால் இரண்டில் ஒன்றைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும். படகிலிருந்து குதிக்கும் இடமென்றால் வெறுங்காலில் மாட்டும் முழுப்பாத ஃபின்ஸே போதும், எடையும் குறைவு. பாறையும் மணலும் நடந்து இறங்கும் கரை என்றால் பூட் தேவை. பிளாஸ்டிக் பக்கிள் பட்டையை விட ஸ்பிரிங் பட்டை மேல். பக்கிள் உடைந்தால் மாற்று கிடைக்க நாளாகும், ஸ்பிரிங் அவ்வளவு எளிதில் உடையாது.

வெட்சூட் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். நம் கடலுக்கு 3 மி.மீ. போதும். இடுப்புக்கு மேல் முதுகில் பை போலக் காற்று நிற்காமல், அக்குளில் இடைவெளி இல்லாமல் இருந்தால் சரியான அளவு. கடையில் போடும்போது கொஞ்சம் மூச்சு முட்டுவது போல இருக்கும், தண்ணீரில் தளர்ந்துவிடும்.

இதற்குள் நீர்மேல் நம் இடத்தைக் காட்டும் ஒரு எஸ்.எம்.பி. மிதவையும், அதன் கயிற்றைச் சுற்றிவைக்கும் விரல் ரீலும் வாங்கிவிடுங்கள். ஆரஞ்சு நிறத்தில், ஒரு மீட்டருக்குக் குறையாத நீளம். மீன்பிடிப் படகுகள் ஓடும் கடலில், மேலே வரும் முன் உங்கள் இடத்தைச் சொல்ல இதைத் தவிர வேறு வழி இல்லை. கூடவே ஒரு சிறிய நூல் வெட்டி. நம் கடலடியில் அறுந்து கிடக்கும் நைலான் வலையை வெட்ட, காலில் கட்டும் பெரிய கத்தியை விட இது சுலபம்.

அடுத்தது டைவ் கம்ப்யூட்டர். ரெகுலேட்டருக்கு முன்பே இதை வாங்கச் சொல்வேன். உடம்பில் தேங்கும் நைட்ரஜனை அது நீங்கள் போன ஆழத்தையும் நேரத்தையும் வைத்துத்தான் கணக்கிடுகிறது. நேற்று வாடகைக்கு எடுத்தவரின் டைவும் இன்று உங்களுடையதும் ஒரே கருவியில் கலந்தால் அந்தக் கணக்குக்கு அர்த்தம் இல்லை. துணையோடு பகிர்ந்துகொள்வதும் அதே தப்பு. முதல் கம்ப்யூட்டருக்கு வண்ணத்திரை தேவையில்லை. பார்க்க வேண்டியது மூன்று: பெரிய எண்கள், ஆக்சிஜன் 40 சதவீதம் வரை உள்ள நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) வசதி, நீங்களே மாற்றிக்கொள்ளும் பேட்டரி. கம்பெனிக்கு அனுப்பித்தான் பேட்டரி மாற்ற வேண்டும் என்றால் நம்மைப் போல வருஷத்தில் சில நாள் டைவ் அடிப்பவருக்குத் தலைவலி. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு முடி, ஒரு மணல் துகள் இல்லாமல் பார்த்து, சிலிக்கான் கிரீஸ் மினுமினுப்பாகத் தெரியும் அளவுக்கு மட்டும் தடவுங்கள்.

மேலேறும் வேகத்தை நிமிடத்துக்கு 10 மீட்டருக்குள் வைப்பது, 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பது எல்லாம் வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். மதுரைக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பல டைவுகளுக்குப் பிறகு 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், அங்குள்ள காற்றழுத்தம் விமானக் கேபினுக்குள் இருப்பதற்கு ஏறக்குறைய சமம். டைவ் முடிந்து திரும்பும் வழியில் வத்தலக்குண்டில் திரும்பிக் கொடைக்கானலுக்கு ஓர் எட்டு போய்வரலாம் என்று திட்டம் போட்டால், விமானத்துக்குச் சொல்லும் அதே காத்திருப்பு அதற்கும் பொருந்தும். கம்ப்யூட்டரில் பறக்கத் தடை நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மலை ஏறாதீர்கள்.

இனி ரெகுலேட்டர். டேங்கின் 200 பார் அழுத்தத்தை, டேங்கில் மாட்டும் முதல் நிலை, சுற்றியுள்ள நீரழுத்தத்தை விடச் சுமார் 9 அல்லது 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைக்கும். வாயில் கடிக்கும் இரண்டாம் நிலை அதை நீரழுத்தத்துக்கே இறக்கி வாய்க்குத் தரும். நம் நாட்டில் டைவ் நடத்துபவர்கள் கொடுப்பது பெரும்பாலும் 11.1 லிட்டர் அலுமினிய டேங்க், யோக் பிடியோடு (ரெகுலேட்டர் டேங்கின் வால்வைச் சுற்றிக் கவ்வும் வகை). அதனால் யோக் வாங்கினால் எங்கேயும் மாட்டும். டின் (DIN) எனப்படும், வால்வுக்குள் திருகி மாட்டும் வகை உறுதியானது. அதையே வாங்குவதென்றால் யோக் அடாப்டரையும் பையில் வையுங்கள். பேலன்ஸ்டு, டயஃப்ரம் (சவ்வு) வகை, வெளிப்பக்கம் சீல் செய்தது: என் பரிந்துரை இதுதான். டேங்க் காலியாகும்போதும் மூச்சின் எளிமை மாறாது. உப்பும் மணலும் முதல் நிலையின் ஸ்பிரிங்கைத் தொடாது. சரியாகக் கழுவாமல் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் உப்பு படிவது அங்கேதான்.

பிராண்டைத் தேர்ந்தெடுக்கும் முன் விற்பவரிடம் கேளுங்கள்: இதன் சர்வீஸ் கிட் உங்களிடம் இருக்கிறதா, சர்வீஸ் செய்பவர் எந்த ஊரில்? ஸ்கூபாப்ரோ, அக்வாலங், மாரெஸ், கிரெஸ்ஸி, எதுவானாலும் நல்ல ரெகுலேட்டர்தான். நீங்கள் வழக்கமாக டைவ் அடிக்கும் ஊரில் சர்வீஸ் ஆகும் பிராண்டே உங்களுக்கு நல்ல பிராண்ட். இணையத்தில் இரண்டாயிரம் குறைவாகக் கிடைத்தது என்பதற்காக இங்கே உதிரிபாகம் இல்லாததை வாங்கினால், அடுத்த வருஷம் கூரியருக்கே அந்தப் பணம் போகும்.

வருஷத்துக்கு ஒரு முறை, அல்லது தயாரிப்பாளர் சொல்லும் டைவ் எண்ணிக்கைக்கு ஒரு முறை சர்வீஸ். விட்டால் என்ன ஆகும்? முதல் நிலையில் உயர் அழுத்தக் காற்றை அடைக்கும் பாகத்தில் வட்டமாகத் தழும்பு விழும். அதன் வழியே காற்று கசிந்து இரண்டு நிலைகளுக்கும் நடுவே உள்ள அழுத்தம் 9.5 பாரில் நிற்காமல் மெல்ல ஏறும். ஒரு கட்டத்தில் இரண்டாம் நிலை தானாகத் திறந்து காற்றைக் கொட்டத் தொடங்கும். டேங்கைத் திறந்து சில நிமிடம் கழித்து, யாரும் தொடாமலே வாய்ப்பகுதி லேசாகச் சீறினால் அதற்கு அர்த்தம் இதுதான்.

காற்று ஊதி மிதப்பைக் கட்டுப்படுத்தும் சட்டையான பி.சி.டி. கடைசி. வெட்சூட்டைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். முழுக்க ஊதியபின் நெஞ்சை நெருக்கக் கூடாது. ஜாக்கெட் வகையில் பல மாடல்கள் மூன்றரை கிலோவைத் தாண்டும், பயணத்துக்கென்றே செய்தவை இரண்டரைக்குள் வரும். ரெகுலேட்டர், ஃபின்ஸ், பூட், வெட்சூட் எல்லாம் சேர்த்தால் செட் 10, 11 கிலோ ஆகிவிடும். உள்நாட்டு விமானத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் 15 கிலோவில் துணிமணிக்கு மிஞ்சுவது சொற்பம். ரெகுலேட்டரும் கம்ப்யூட்டரும் கைப்பையில் வரட்டும், நூல் வெட்டி செக்-இன் பையில்.

தண்ணீரில் மிதக்காமல் இறங்கக் கட்டிக்கொள்ளும் எடைக்கட்டிகளை வாங்க வேண்டாம், கணக்கு மட்டும் தெரிந்தால் போதும். நிரம்பிய டேங்கில் 2,200 லிட்டருக்கு மேல் காற்று, ஏறக்குறைய 2.7 கிலோ. 50 பாரில் மேலே வரும்போது அதில் 2 கிலோ போயிருக்கும். ஆகவே டைவ் தொடக்கத்தில் அந்த 2 கிலோ கூடுதலாக இழுப்பது சரி. டைவ் முடிவில், பி.சி.டி. காலியாக, 5 மீட்டரில் மிதக்காமல் நிற்க முடிந்தால் உங்கள் எடை சரி. மதுரையில் நீச்சல் குளத்தில் ஒத்திகை பார்த்த எடையோடு கடலுக்குப் போகாதீர்கள். உப்புநீர் இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது, ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால் கடலில் இரண்டரை கிலோ கூடுதலாக வேண்டும்.

டேங்க் வாங்கவே வேண்டாம். எந்த டைவ் ஊரிலும் அது கட்டணத்தோடு வந்துவிடும். சொந்த டேங்கைத் தொழிற்சாலை கம்ப்ரஸரில் நிரப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எண்ணெய் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் அழுத்தத்தோடு நுரையீரலுக்குள் போகும்.

வீட்டுக்கு வந்ததும் கழுவுவதில்தான் நம் ஊருக்கே உரிய சிக்கல். போர் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டால், எவர்சில்வர் டம்ளரில் படிவது போல வெள்ளைப் படிவு ரெகுலேட்டரின் பொத்தானிலும் பி.சி.டி. வால்விலும் ஏறும். பி.சி.டி.யை ஊதும் இன்ஃப்ளேட்டர் பொத்தானில் அது இறுகினால் அழுத்தியது மீளாமல் பி.சி.டி. தானாக ஊதும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, கடைசி அலசலை 20 லிட்டர் கேன் தண்ணீரில் முடியுங்கள். ரெகுலேட்டர், கம்ப்யூட்டர், மாஸ்க் மூன்றுக்கும் ஒரு கேன் தாராளம். ஆர்.ஓ. கழிவு நீர் வேண்டாம், உப்பு அதில்தான் கூடுதல். முதல் நிலையின் தூசி மூடியைத் துடைத்து இறுக்கியபின்தான் தண்ணீரில் போட வேண்டும். ஊறும்போது இரண்டாம் நிலையின் முன்பக்கம் உள்ள பர்ஜ் பொத்தானை அழுத்தாதீர்கள், வால்வு திறந்து தண்ணீர் குழாய் வழியே முதல் நிலைக்கே போகும். பி.சி.டி.க்குள்ளும் தண்ணீர் விட்டுக் குலுக்கி வடித்து, பாதி ஊதி நிழலில் தொங்கவிடுங்கள்.

மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரண் வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் அங்கே ஏறும் சூட்டில் வெட்சூட்டின் பசை விடும், பேட்டரியும் கெடும். கீழ்த்தள பீரோ நல்லது. இரண்டாம் நிலையின் வாய்ப்பகுதியைச் சுத்தமான துணிப்பையில் கட்டிவையுங்கள், கரப்பான் நுழைந்து முட்டை வைக்க அது வசதியான இடம். ஆனால் அந்துருண்டை போடாதீர்கள், அந்த வாடை வாய்ப்பகுதியில் ஏறினால் போகாது. குழாய்களை மடிக்காமல் பெரிய வளையமாகச் சுற்றுங்கள். மாஸ்க்கின் தெளிந்த சிலிக்கானைக் கறுப்பு ரப்பரோடு ஒட்டி வைத்தால் கறை பிடிக்கும்.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பி.சி.டி.யை முழுக்க ஊதி இரவு முழுக்க விட்டு, காலையில் அதே இறுக்கம் இருக்கிறதா பாருங்கள். தூசி மூடியை இறுக்கி மூடிய ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியில் மெதுவாக உறிஞ்சுங்கள், காற்று வராமல் நாக்கைப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் டயஃப்ரமோ வெளியேற்று வால்வோ கிழிந்திருக்கிறது. சர்வீஸுக்கு அனுப்பித் திரும்பப் பெற அந்த ஒரு மாதம் போதும்.