மீத்திறன் வகுப்பில் யார் அமர வேண்டும்?

சென்ற தவணையோடு எங்கள் பாடசாலையின் மீத்திறன் மாணவர் வகுப்புக்கு ஒரு வருடம் நிறைந்தது. திருகோணமலை நகரிலுள்ள பாடசாலை, தரம் 8, 9 மாணவர் 24 பேர், சனிக்கிழமை காலை 8 மணியிலிருந்து 11 மணி வரை கணிதமும் விஞ்ஞானமும். கணிதப் பகுதியை நான் நடத்துகிறேன். இந்த ஒரு வருடத்தில் நான் கற்பித்ததைவிடக் கற்றுக்கொண்டதே அதிகம் என்பதால் அதை எழுதி வைக்க விரும்புகிறேன்.

மெல்லக் கற்கும் மாணவருக்குப் பரிகாரக் கற்பித்தல் வேண்டும் என்பதை எங்கள் பாடசாலைகள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டன. அதற்கு நேரசூசியில் இடமும் உண்டு. ஆனால் 40 நிமிடப் பாடத்தைப் 10 நிமிடத்தில் விளங்கிக்கொண்டுவிடும் பிள்ளைக்கு நாங்கள் கொடுப்பது பெரும்பாலும் அதே மாதிரியான இன்னும் 10 கணக்குகளை. இல்லாவிட்டால் பக்கத்துப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தும் வேலையை. நாளடைவில் அந்தப் பிள்ளை மெதுவாகச் செய்யப் பழகிவிடுகிறது. இதைப் பல வருடங்களாக என் வகுப்புகளிலேயே பார்த்திருக்கிறேன். ஆகையால் அதிபர் இவ்வகுப்பைத் தொடங்குவோம் என்று சொன்னபோது மிகுந்த மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன்.

பிழை மாணவர் தெரிவிலேயே நேர்ந்தது. முந்திய இரண்டு தவணைப் பரீட்சைகளின் புள்ளிகளைக் கூட்டி, மேலிருந்து 24 பெயர்களை எடுத்தோம். யாரும் குறைசொல்ல முடியாத முறை என்று கூட்டத்தில் பேசப்பட்டது. நானும் மறுத்துப் பேசவில்லை. வகுப்பு தொடங்கி மூன்றாவது வாரத்தில் விசாரித்தபோது, அவர்களில் 19 பேர் ஒரே தனியார் வகுப்புக்குப் போகிறவர்கள் என்பதும், அடுத்த தவணைப் பாடங்களை அங்கே முன்கூட்டியே முடித்துவிட்டவர்கள் என்பதும் தெரியவந்தது. நல்ல பிள்ளைகள், உழைப்பாளிகள். ஆனால் செய்முறை முன்னதாகக் கற்பிக்கப்படாத ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதினால் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "டீச்சர், இது சோதினைக்கு வருமா?" என்று கேட்டார்கள். முன்னரே படித்திருப்பதையும் மீத்திறனையும் நாங்கள் ஒன்றாக எண்ணிவிட்டோம்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த பிழை அன்று. அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921இல் கலிபோர்னியாவில் நுண்ணறிவுச் சோதனை வைத்து 1,500க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, அவர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அந்தச் சோதனையில் தேறாமல் வெளியே விடப்பட்டவர்களில் வில்லியம் ஷொக்லி, லூயிஸ் அல்வாரெஸ் என்ற இரண்டு சிறுவர்கள் இருந்தார்கள். ஷொக்லி 1956இலும் அல்வாரெஸ் 1968இலும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். தேர்ந்த ஆய்வாளர் கவனமாக நடத்திய சோதனையே இப்படித் தவறவிட்டதென்றால், பாடத்தை எவ்வளவு படித்திருக்கிறார்கள் என்று அளப்பதற்காகவே ஆக்கப்பட்ட தவணை வினாத்தாள் எத்தனை பேரைத் தவறவிடும்? அந்த வினாத்தாளுக்கு இன்னொரு குறையும் உண்டு. அதில் 95 எடுத்தவரையும் 98 எடுத்தவரையும் பிரிப்பது பெரும்பாலும் கவனக்குறைவு மட்டுமே. இதை உணர்ந்துதான் அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி 1971இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டத்தில், 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் புக இருப்பவர்களுக்கான கணிதப் பரீட்சையையே வைத்தார்.

இனி ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கும்புறுபிட்டிப் பக்கமிருந்து புல்மோட்டை பஸ்ஸில் வருகிறவள், தரம் 8, கணிதத்தில் தவணைப் புள்ளி 58. எங்கள் பட்டியலுக்கு எட்டாத தூரத்தில் இருந்தவள். ஒரு நாள் வேறோர் ஆசிரியர் வராததால் அவளுடைய வகுப்பைக் கவனிக்கப் போயிருந்தேன். சும்மா இருக்க வேண்டாமே என்று ஒரு புதிர் கொடுத்தேன்: 9 என்பதை 4+5 என்று எழுதலாம், 10 என்பதை 1+2+3+4 என்று எழுதலாம், இப்படி, அடுத்தடுத்து வரும் நேர் முழு எண்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியாத எண்கள் எவை? மணி அடித்தது, நான் வந்துவிட்டேன். மறுநாள் காலை அவள் ஆசிரியர் அறை வாசலில் கொப்பியோடு நின்றாள். வரலாற்றுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 1 முதல் 40 வரை வரிசையாக எழுதி, ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே கூட்டல்களை நிரப்பியிருந்தாள். 1, 2, 4, 8, 16, 32 ஆகியவற்றுக்கு எதிரே மட்டும் வெறுமை. 32க்கு எதிரே பலமுறை அழித்து அழித்துத் தாள் மெலிந்து ஓட்டையாகியிருந்தது. "டீச்சர், இதெல்லாம் இரண்டு இரண்டாப் பெருகிற எண்கள். அடுத்தது 64 எண்டு நினைக்கிறன். ஆனா ஏன் எண்டுதான் தெரியேல்ல" என்றாள். அந்த "ஏன்" என்ற சொல்லை என் சனிக்கிழமை வகுப்பில் அதுவரை எவரும் கேட்கவில்லை.

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜோசப் ரென்சுலி 1978இல் எழுதிய கட்டுரையில், சராசரிக்கு மேற்பட்ட ஆற்றல், படைப்பாற்றல், எடுத்த வேலையை விடாமல் பற்றி நிற்கும் குணம் ஆகிய மூன்றும் சேருமிடத்திலேயே மீத்திறனைக் காணலாம் என்கிறார். மூன்றாவதை எந்த வினாத்தாளாலும் அளக்க முடியாது. ஓட்டை விழுந்த அந்தத் தாளில் அதைக் கண்ணால் பார்த்தேன். இவ்வருடம் அதிபரோடு பேசி முறையை மாற்றியிருக்கிறோம். முதல் நான்கு சனிக்கிழமைகளில் தரம் 8, 9 மாணவர் எவரும் வரலாம். ஒவ்வொரு வாரமும் ஒரு புதிரை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம். விடை சரியா என்பதைவிட அதோடு எவ்வளவு மல்லுக்கட்டினார்கள் என்பதைப் பார்ப்போம். 12 இடங்கள் அவ்வாறு நிரப்பப்படும், மிகுதி 12 புள்ளிப்படி. அரைகுறைச் சமரசம் என்பதை அறிவேன், ஆனாலும் ஆரம்பம்.

பெற்றோரின் ஐயம் வேறு. "டீச்சர், சனிக்கிழமை டியூசனை விட்டுட்டு இதுக்கு வந்தா, ஓ.எல்.லுக்கு என்ன பிரயோசனம்?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. ஓ.எல். என்ற சாதாரண தரப் பரீட்சைக்கு அப்பால் பெற்றோர் எண்ணுவது பல்கலைக்கழகத்தை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்டப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்றும் பகிரப்படுகிறது. திருகோணமலையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. இந்த ஏற்பாட்டால் கதவு திறந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அனுமதிக்கு மாவட்டத்தில் வேண்டிய குறைந்தபட்சப் புள்ளியான வெட்டுப்புள்ளியே இலக்கு என்று ஆசிரியர்களாகிய நாங்களும் பழகிவிட்டோம். அந்தக் கோட்டைத் தாண்டி எவ்வளவு தூரமும் போகக்கூடிய பிள்ளைக்கு, போ என்று சொல்ல எவருமில்லை. அந்தத் தாயிடம் இதை இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. ஒரு தவணை அனுப்பிப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அனுப்புகிறார்.

கும்புறுபிட்டிப் பிள்ளை இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறாள். 1 அல்லாத ஒற்றை எண் ஏதாவதொன்றால் வகுபடும் எண்களை எல்லாம் எப்படிக் கூட்டலாக எழுதுவது என்பதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள்: 12ஐ மூன்றாகப் பங்கிட்டு, நடுவில் 4ஐ வைத்து, 3+4+5. ஆனால் இரண்டு இரண்டாகப் பெருகும் எண்களால் ஏன் ஒருபோதும் முடியாது என்ற மறுபாதி இன்னும் அவள் கைக்கு வரவில்லை. சென்ற வாரம், கூட்டலைத் தலைகீழாக எழுதி இரண்டையும் கூட்டிப் பார் என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். 11 மணிக்கு எல்லோரும் எழுந்த பிறகும் அவள் எழுதிக்கொண்டேயிருந்தாள். பஸ் போய்விடும் என்று நான்தான் எழுப்பி அனுப்பினேன்.