தோப்புல வெச்ச சென்சாரும் செத்த பேட்டரியும்

ஆனமலைப் பக்கம் எங்க தென்னந்தோப்புல தொட்டில தண்ணி எவ்ளோ இருக்குன்னு பாக்க ஈஎஸ்பி32ன்னு வைஃபை இருக்கற ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு வெச்சேனுங்க, 1 வாட் சோலார் பேனல், 18650ன்னு சார்ஜ் ஏத்தற லித்தியம் பேட்டரி செல்லு ஒண்ணு, அவ்ளோதான். மூணாம் நாளே செத்துப்போச்சு. அப்பாரு வந்து பாத்துட்டு "ஏங்கண்ணு, கயித்துல மட்டையக் கட்டி உட்டா போதாதா"ங்கறாரு.

அப்புறம்தான் கணக்கே போட்டேன் (மொதல்லயே போட்டிருக்கோணும்). வைஃபை எப்பவும் ஓடுனா சராசரியா 80 மில்லிஆம்ப், 24 மணி நேரத்துக்கு 1920 மில்லிஆம்ப்-மணி (எம்ஏஎச்), அதாவது 7 வாட்அவர் கிட்ட. 1 வாட் பேனல் நல்ல வெயில்லயே 4, 5 வாட்அவர்தான் தரும், அதுலயும் தென்னை நெழலு வேற.

பேனல பெருசாக்கறதுக்குப் பதிலா டீப் ஸ்லீப் போட்டேன், அதாவது வேலையில்லாதப்ப போர்ட தூங்க வெக்கறது, கால்மணிக்கொருக்கா 10 செகண்டு முழிச்சா நாளைக்கு 21 எம்ஏஎச்தான். ஆனா தூங்கறப்பவும் போர்டு 4 மில்லிஆம்ப் குடிக்குது, சிப்பு இல்லீங்க, பவர் எல்ஈடியும் வோல்டேஜ் ரெகுலேட்டரும், அதுக்கே நாளைக்கு 96 எம்ஏஎச். மொத்தம் 117. 2600 எம்ஏஎச் செல்லுல 2000த்த நம்புனாலும் 17 நாள் தாங்கும், ஆடிச் சாரலுக்குப் போதும். எல்ஈடிய நாளைக்குப் புடுங்கிரோணும்.