இரும்பு ஆப்பச்சட்டி ஒருவழியாப் பழகிருச்சு

இன்னிக்குக் காலையில கரண்டி படாமலே ஆப்பம் ஓரம் பிரிஞ்சு தானா எழும்பி வந்துச்சு. அதுவும் வார்ப்பிரும்புச் சட்டியில! நான்ஸ்டிக்ல ஊத்துறவங்களுக்கு இதுல என்ன பெருமைன்னு தோணும், தோணட்டும்.

மாவு வழக்கமானதுதான். மாவுப் பச்சரிசி, ஒரு பிடி சோறு, தேங்காய். கள்ளுக்குப் பதிலா, சர்க்கரை போட்டு ராத்திரி முழுக்கப் புளிக்க வச்ச தேங்காய்த்தண்ணி. 1987-லேர்ந்து கள்ளுக்குத் தடை இருக்குற ஊர்ல வேற வழி? கேரளாக்காரங்க குடுத்து வச்சவங்க.

வில்லங்கமெல்லாம் சட்டியிலதான். வடிகஞ்சியில ஊற வச்சு, நல்லெண்ணெய் தடவிக் காய்ச்சி, வெங்காயம் தேய்ச்சு எல்லாச் சடங்கும் ஆச்சு. அப்பவும் அடியில அப்பிக்கிட்டுப் பிச்சுப் பிச்சுதான் வந்துச்சு. சரின்னு எண்ணெயைக் கூட்டினா ஒட்டல. ஆனா சுழற்றின மாவு சுவத்துல நிக்காம வழுக்கி நடுவுல போய் உக்காந்துக்குது. ஓரமே இல்லாத ஆப்பத்துக்கு ஊத்தப்பமே தேவலை.

குழிச்சட்டியில தீ படுறது அடியில மட்டும். சுவரு சூடாகுறதுக்குள்ள அடி காந்திடுது. அதனால ஊத்துறதுக்கு முன்னாடியே மூடி போட்டுச் சின்னத் தீயில வைக்கிறேன், சுவரும் சேர்ந்து காயுது. எண்ணெயைத் தடவிட்டு உடனே துணியால ஒத்தித் துடைச்சிடணும்; கண்ணுக்குப் பளபளன்னு தெரிஞ்சா அதிகம். மாவு விழும்போது 'ஸ்ஸ்'னு மெல்லிசா ஒரு சத்தம் வரணும். சத்தமே இல்லைன்னா மாவு சறுக்கும். பொரிஞ்சு ஓட்டை ஓட்டையா ஆனா தீயைக் குறைக்கணும். ரெண்டு காதையும் துணியில புடிச்சு ஒரே சுத்து. ரெண்டாவது சுத்து சுத்தினா ஓரம் தடிச்சு மொறுமொறுப்பு போயிடும். இந்தச் சட்டி கனத்துக்கு மணிக்கட்டும் ரெண்டாவது சுத்துக்கு ஒத்துக்காது.

சட்டி வாங்கப் போறவங்களுக்கு: 'பழக்கிய சட்டி'ன்னு ஆன்லைன்ல ஒண்ணு வாங்கினேன், தேய்ச்சாக் கையெல்லாம் கறுப்பு. சந்தையில எடை போட்டுக் குடுத்த இதுதான் உருப்படி. சோப்பு காட்டுறதில்லை, இதுல தாளிக்கவும் வீட்டுல யாரையும் விடுறதில்லை.

நடுப்பகுதி மட்டும் இன்னும் நான் நினைக்கிற மாதிரி பஞ்சா உப்பல. சோத்தைக் கூட்டிப் பாக்கணும். அதுக்குள்ள மானாமதுரை மண் சட்டி மேல கண்ணு போயிடுச்சு. அந்தப் பக்கம் போறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, மூடியோட ஒண்ணு வேணும்.