தீபமும் ஒரு கிலோ உளுந்தும்

முப்பது மடங்கு ஜூம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்ததை நம்பி ஒரு குட்டி கேமரா வாங்கி, கார்த்திகைக்குத் திருவண்ணாமலை அத்தை வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடியில் நின்றால் மலை உச்சி நேரே தெரியும். 2,668 அடி உயரத்தில் மாலை 6 மணிக்குத் தீபம் ஏறியதும் ஊரே அரோகரா என்றது. நானும் சொல்லிக்கொண்டே அமுக்கினேன். ப்ளாஷ் பளிச்சென்று வெட்டியது. படத்தில் மலையைக் காணோம். கொடியில் தொங்கிய மாமாவின் பனியன் மட்டும், ஓட்டைகள் உட்பட, அத்தனை துல்லியம். இந்த மாதிரி கேமராவின் ப்ளாஷ் மூன்று, நான்கு மீட்டர் போனால் பெரிது. அதற்கு எட்டிய தெய்வம் பனியன்தான்.

ப்ளாஷை அணைத்து, ஜூமை முழுக்க இழுத்தேன். இப்போது தீபம் ஜாங்கிரியாகப் பிழிந்திருந்தது. லென்ஸின் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்கு எஃப் என்று ஓர் எண் உண்டு, எண் ஏறினால் வாய் சுருங்கும். சும்மா இருக்கும்போது எஃப் 3.3 ஆக இருக்கும் என் லென்ஸ், இழுத்தால் 6.6 ஆகிவிடும். அதாவது வெளிச்சம் கால்வாசிதான். அதை ஈடுகட்ட கேமரா ஷட்டரை 1/8 நொடி திறந்து வைத்திருந்தது. முழுக்க இழுத்தால் 720 மி.மீ. ஆகும் இந்த ஜூமைக் கையில் பிடித்து எடுக்க 1/720 நொடியாவது வேண்டும் என்பது பழைய கணக்கு. நடுக்கத்தைக் குறைக்கும் வசதி உள்ளே இருக்கிறது, ஆனால் இவ்வளவு பெரிய பள்ளத்தை அதால் தூர்க்க முடியாது. வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றிப் பார்த்தேன். படமெங்கும் ரவை.

நல்லவேளை, தீபம் 11 நாள் எரியும்.

மறுநாள் மாமா கொடியை இடம் மாற்றிவிட்டார். நான் முக்காலி இல்லாத குறைக்கு, அடுக்களையிலிருந்து ஒரு கிலோ உளுந்து பாக்கெட்டைக் கிளப்பிவந்து கைப்பிடிச் சுவரில் வைத்தேன். கேமரா அதில் குழந்தை மாதிரி அமுங்கி உட்கார்ந்தது. விரல் பட்ட ஆட்டம் அடங்கட்டும் என்று 2 நொடி டைமர். ஆட்டம் போயே போச்சு. ஆனால் தீபம் சுண்ணாம்பு உருண்டையாக வெளுத்திருந்தது. சுற்றிலும் இருட்டு என்பதால் கேமரா பதறிப்போய் மொத்தத்தையும் வெளுக்கிறது. தீபத்துக்கு வெளிச்சம் போதவில்லை என்று நானும்தான் அதோடு சேர்ந்து பதறியிருக்கிறேன். அதுவே விளக்கு!

மூன்றாம் நாள் ஸ்பாட் மீட்டரிங். நடுவில் இருக்கும் தீயை மட்டும் அளந்ததும் ஐஎஸ்ஓ 400லேயே ஷட்டர் 1/60 நொடிக்கு வந்துவிட்டது. தீயின் நாக்குகள் தனித்தனியாக, கத்தி மாதிரி.

ஓடிப்போய் அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. மலை எங்கடா?”

மலை கரிய இருட்டுக்குள் போயிருந்தது.

“பர்னர் அடைச்சுக்கிட்டா நம்ம அடுப்பும் இப்படித்தான் மஞ்சளா எரியும். அதை எடுத்திருந்தா மூணு நாள் மாடி ஏற வேண்டாமே” என்றவர், கையை நீட்டினார். “சரி, உளுந்தைக் கொடு. ஊறப்போடணும்.”