பச்சைப் பாவாடை

1989இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்த சில ஆண்டுகளுக்குப் பிறகு, குடியாத்தம் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தேன். வெளிநாட்டில் ஒரு நன்கொடையாளர், இங்கே ஒரு குழந்தை. மாதாமாதம் பணம் வரும். ஆண்டுக்கொரு புகைப்படமும் நன்றிக் கடிதமும் போகும்.

படமெடுக்க ஒருநாள் பீடி சுற்றும் பெண் ஒருவரின் வீட்டுக்குப் போனேன். மடியில் முறம், அதில் வெட்டிய இலையும் தூளும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் பேசும்போதும் விரல்கள் ஓயவில்லை. போட்டோ என்றதும் முறத்தை இறக்கிவைத்தார். மகளுக்குத் தலைவாரி, கனகாம்பரம் சூட்டி, பொங்கலுக்கு எடுத்த பச்சைப் பாவாடையைக் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். அவ்வளவு அழகாக இருந்தது பிள்ளை.

புதுத்துணியோடு படம் கூடாது, வசதியான வீடு என்று நினைத்துவிடுவார்கள் என்பது அலுவலகக் கட்டளை. “பள்ளிக்கூடச் சட்டையே போதும் அக்கா” என்றேன்.

“ஏன் சார், நாங்கள் நன்றாக இருந்தால் அவர்களுக்குப் பிடிக்காதா?”

பிள்ளை உடை மாற்றிக்கொண்டு வந்தது. படத்தில் அது சிரிக்கவில்லை.

அந்த நன்கொடையாளர் அப்படி எதுவும் கேட்டதே இல்லை. ‘என்ன விளையாடுவாய்?’ என்றுதான் எழுதியிருந்தார். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வாசகத்தில் பதில் எழுதி அனுப்பியது நாங்கள். கொடுப்பவருக்கு ஏழ்மையைக் காட்டினோம், வாங்குபவருக்கு நன்றியைச் சொல்லிக்கொடுத்தோம். இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள நாங்களே தடையாக நின்றோம்.

கணக்கும் அப்படித்தான். வெளிநாட்டு நன்கொடைக்கு அரசிடம் கணக்குக் காட்ட 1976 முதலே சட்டம் உண்டு. 2020 திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. அரசு கேட்கிறது, தணிக்கையாளர் கேட்கிறார், நன்கொடையாளர் கேட்கிறார். எந்த ஊரின் பெயரால் பணம் வந்ததோ அந்த ஊருக்கு மட்டும் யாரும் கணக்குச் சொல்வதில்லை.

மறு ஆண்டு ஆங்கில அறிக்கையைத் தமிழில் எழுதிக்கொண்டுபோய் பெண்கள் கூட்டத்தில் படித்தேன். ‘அடிபம்பு பயன்பாட்டில் உள்ளது’ என்ற வரி வந்ததும் அதே அக்கா எழுந்தார். “ஆடியிலிருந்து அதில் தண்ணீர் இல்லை சார். திருத்தி எழுதுங்கள்.” அங்கேயே திருத்தினேன்.

அந்த ஆண்டுக் கடிதத்தைச் சிறுமியே எழுதினாள். நான் மொழிபெயர்த்ததோடு சரி. பாண்டி ஆட்டம் பற்றி இரண்டு வரி, பச்சைப் பாவாடை பற்றி நான்கு வரி.