வாசலில் நிற்கச் சொன்னேன்

"அண்ணாச்சி, இது யாழ்ப்பாணம் இல்ல, அம்பாசமுத்திரம். வெளியே போய் நில்லுங்க."

2016 நவம்பர் 10 அன்று காலையில் எங்கள் பேங்க் கிளைக் காவலரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அதை நூறு தடவையாவது மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன். முதல் பாதியை விட்டுவிட்டு, "வெளியே போய் நில்லுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அது மட்டும் சரியாக இருந்திருக்குமா என்றும் தெரியவில்லை.

அன்றைக்கு என்ன நாள் என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்து, ஒரு நாள் மூடிவிட்டு பேங்க் திறந்த நாள். ஆளுக்கு 4,000 ரூபாய் மாற்றலாம். வரிசை தெருமுனை டீக்கடையைத் தாண்டிப் போய்விட்டது. பாதிப் பேர் பீடி சுற்றும் பெண்கள்; வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சேர்த்த நோட்டைச் சுருக்குப் பையில் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு ஆச்சி மயங்கி உட்கார்ந்துவிட்டார். உள்ளே நாங்கள் நாலே பேர். யூனிஃபார்ம் போட்ட ஒருவர் வாசலில் நின்றால்தான் கூட்டம் அடங்கும். நிற்க வேண்டியவரோ ஷட்டருக்கு உள்பக்கம், தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

அவர் எப்போதுமே அங்கேதான் நிற்பார். நாற்காலியை எங்கே போட்டாலும் மறுநாள் தூணுக்குப் பின்னால் போயிருக்கும். எதிரே ஒரு மூன்று மாடிக் கட்டடம் பாதியில் நின்றிருந்தது. ஜன்னல் வைக்காத வெறும் ஓட்டைகள். "அங்கன ஒருத்தன் உக்காந்திருந்தா நமக்குத் தெரியாது சார். அவனுக்கு நம்மளத் தெரியும்" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஆக, காரணம் தெரிந்தேதான் நான் அப்படிச் சொன்னேன். அதுதான் உறுத்துகிறது.

1987 அக்டோபரில், இந்தியா இலங்கைக்கு அனுப்பிய அமைதிப்படையோடு யாழ்ப்பாணத்தில் இருந்தவர் அவர். இருபத்தோரு வயது. ஒரு மதியம் தூக்குவாளியைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடாமல் சொன்னார். ஒரு சந்துக்குள் வரிசையாக நடந்திருக்கிறார்கள். அவருக்கு முன்னால் வயர்லெஸ் செட் சுமந்தவர். "அவன் விழுந்தான் சார். பெறவுதான் சத்தம் கேட்டுச்சு."

அது அப்படித்தான் இருக்கும். ரைபிள் குண்டு பெரும்பாலும் நொடிக்கு 700 மீட்டருக்கு மேல் வேகத்தில் கிளம்புகிறது; சத்தம் ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 400 மீட்டர் தள்ளியிருந்து சுட்டால், துப்பாக்கிச் சத்தம் வந்து சேரும்போது ஆள் கீழே கிடப்பான். ஷெல் அடித்தால் பெரும்பாலும் சீறிக்கொண்டு வருவது காதில் விழும், தரையில் படுக்கலாம். இதற்குக் காதும் உதவாது, கண்ணும் உதவாது. அன்றைக்கு அவர்கள் ஒரு மதில் ஓரமாக மூன்று மணி நேரம் படுத்துக் கிடந்தார்களாம். "அதுக்குப் பெறவு ஒரு வெடிகூட வரல சார். அதான் கஷ்டம்" என்றார்.

வராத அந்த இரண்டாவது வெடியைத்தான் அவர் இருபத்தொன்பது வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு வெகு பின்னால்தான் புரிந்தது. அவர் மட்டும் இல்லை. போஸ்னியா நாட்டின் சரயேவோ நகரத்தை 1992 முதல் 1996 வரை முற்றுகையிட்டிருந்தார்கள். ஸ்னைப்பர் (மறைந்திருந்து சுடுகிறவன்) உண்டு, ஜாக்கிரதை என்று தெருமுனையில் பலகை வைத்திருந்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு போகிறவர்களும் சாலைச் சந்திப்பை ஓடித்தான் கடக்க வேண்டும். போரே இல்லாத வாஷிங்டன் பக்கம் 2002 அக்டோபரில் இரண்டு பேர் மூன்று வாரம் மறைந்திருந்து சுட்டார்கள். இறந்தவர்கள் 10 பேர். ஆனால் பெட்ரோல் போடும்போது வண்டி ஓரமாகக் குனிந்துகொண்டவர்கள் எத்தனை ஆயிரமோ! பள்ளிகளில் பிள்ளைகளை மைதானத்துக்கே விடவில்லை. குண்டு படாதவர்கள்தான் நடையை மாற்றிக்கொண்டார்கள்.

அண்ணாச்சி திசையன்விளைப் பக்கம், பனங்காட்டு ஊர். யாழ்ப்பாணமும் பனை நாடு. லீவுக்கு வந்தால் சொந்தப் பனந்தோப்பிலேயே மர உச்சியை அண்ணாந்து பார்க்காமல் நடக்க முடியவில்லையாம். யாரிடம் போய்ச் சொல்வார்? எதிரே இருந்த விடுதலைப் புலிகளும் தமிழ்தான் பேசினார்கள். 1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசிக் கப்பல் சென்னைக்கு வந்தபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அவர் பக்கத்து நியாயம் அவருக்கு. தமிழ்நாட்டில் நிறையப் பேரின் மனசும் அதுவே. ஆனால் அந்தக் கப்பல்களில் வந்தவர்களில் நம்ம ஊர்ப் பையன்களும் இருந்தார்கள். எங்கள் கேஷியர் ஒருநாள் "நம்ம ஆளுகளையே சுட்டீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார். அண்ணாச்சி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். நான் கேஷியரை ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நவம்பர் காலையில் நான் வெளியே போகச் சொன்னதற்கு அண்ணாச்சி "சரி சார்" என்றார். பிறகு நெஞ்சில் குத்தியிருந்த பெயர் பேட்ஜின் ஊசியைப் பிரித்தார். விரல் ஒத்துழைக்கவில்லை, இரண்டு தடவை முயன்றார். தோளில் கோத்திருந்த விசில் கயிற்றை உருவி, பேட்ஜைச் சுற்றிப் பேன்ட் பைக்குள் போட்டார். தொப்பியை என் மேஜை ஓரத்தில் வைத்தார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "யூனிஃபார்ம் தெரியணும்னுதான் வெளியே நிக்கச் சொல்றேன். அதையே கழட்டிக் காட்டுறீங்களா?" என்றேன். கூட்டத்துக்கு முன்னால் என்னை அவமதிக்கிறார் என்றே நினைத்தேன். பதில் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

யாழ்ப்பாணத்தில் அதிகாரிகளையும் வயர்லெஸ்காரர்களையும் குறிபார்த்து அடித்தார்கள் என்பதும், அதனால் அதிகாரிகள் பதவிப் பட்டைகளைக் கழற்றிவிட்டார்கள் என்பதும் அப்புறம் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் நாலு மணி வரை வெளியேதான் இருந்தார். ஒரு இடத்தில் நிற்கவில்லை. வரிசை நெடுக நடந்துகொண்டே இருந்தார். ஆச்சிகளுக்குத் தண்ணீர் கொடுத்தார். ஒரு தள்ளுமுள்ளு இல்லை. மேலதிகாரி போனில் பாராட்டினார். அந்தப் பாராட்டை நான்தான் வாங்கிக்கொண்டேன். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் நான் சொல்லாமலே வெளியே போனார், பேட்ஜ் இல்லாமல். அப்படியானால் நல்லதுதானே நடந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பாளையங்கோட்டையில் மனநல மருத்துவராக இருக்கும் என் மைத்துனரிடம் கேட்டேன். பயப்படும் இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப்போவது சிகிச்சைதான், ஆனால் அவர் சம்மதம் வேண்டும் என்றார். "சரி சார்" என்றாரே, அது சம்மதம் இல்லையா என்றேன். மைத்துனர் பேச்சை மாற்றிவிட்டார். அத்தனை பேர் வெயிலில் நிற்கும்போது நான் வேறு என்ன செய்திருக்க முடியும்? இன்றைக்கும் அவரை வெளியேதான் அனுப்புவேன் என்று நினைக்கிறேன். அந்த முதல் பாதியைச் சொல்லாமல்.

இன்னொன்றும் உண்டு. அண்ணாச்சி காலையில் கிளைக்குள் எனக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பார். வெளியே டீக்கடையில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். திமிர் என்று நினைத்திருந்தேன். போர்முனையில் அதிகாரிக்கு சல்யூட் வைப்பதில்லையாம். வைத்தால் யார் அதிகாரி என்று தூரத்தில் இருப்பவனுக்குக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். அண்ணாச்சி மனசில் அதுதான் இருந்ததா என்று நான் கேட்டதில்லை.

மறு வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. பஸ் ஸ்டாண்டு வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பட்டப்பகல், நல்ல கூட்டம். பஸ் கிளம்பும்போது, எல்லோரும் பார்க்க, நின்று சல்யூட் வைத்தார். வெளியில் வைத்து அதுதான் முதல் தடவை. பயம் விட்டுப்போய் வைத்தாரா, இனி என்னைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்று வைத்தாரா? பதிலுக்குக் கையைத் தூக்குவதற்குள் பஸ் திரும்பிவிட்டது.